முகம் மட்டும் ஏன் மங்கியது?

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே! மேடையை அலங்கரிக்கும் மூத்த ஒளிப்படக் கலைஞர்களே! கழுத்தில் கேமராவை மாட்டியபடியே கைதட்டத் தெரிந்த கண்மணிகளே! அவர்களுக்காகச் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தே களைத்துப்போன தாய்மார்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பேத்திக்குப் பரிசைக் கொடுத்துவிட்டுப் பாட்டியைப் பேசச் சொல்கிறீர்கள். நாற்காலி வேண்டாம் தம்பி, எடுத்துக்கொண்டு போங்கள். உட்கார்ந்து உட்கார்ந்துதான் நான் ஓய்ந்தேன்! சிரிக்கிறீர்களா? கேளுங்கள்.

என் பேத்தி கேமராவைச் சோதிப்பது யாரை வைத்து? என்னை வைத்து! லென்ஸைச் சோதிப்பது யாரை வைத்து? என்னை வைத்து! சுருக்கம் விழுந்த முகத்தில்தான் படத்தின் கூர்மை தெரியுமாம். சமைத்து முடித்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அப்பாடா என்று கட்டையைச் சாய்க்கப் போகும்போதுதான் ஜன்னலோரம் கூப்பிடுவாள். "அசையாம உக்காரு பாட்டி!" உட்காருவேன். படம் எடுப்பாள். என் கண்ணைத் திரை முழுக்கப் பெரிதாக்குவாள். "கூர்மை பத்தல பாட்டி" என்பாள்.

கேமராவை நிறுத்தும் முக்காலியை மாற்றினாள், முகம் மங்கல். லென்ஸை மாற்றினாள், முகம் மங்கல். கடைசியில் கேமராவையே விற்றுவிட்டுப் புதிது வாங்கத் துணிந்தாள். எந்தக் கேமராவை? எங்கள் வீட்டுக்கே சோறு போட்ட கேமராவை!

பழைய கேமரா வாங்கும் கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். கேமராவை நீட்டினாள், ஆனால் அதன் கழுத்து வாரை அவள் விரல் விடவில்லை. "இதுல படம் கூர்மையா விழல அண்ணே. சொல்லாம விக்கக் கூடாதுல்ல?" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்த மேடையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறேன்! கைதட்டலை அவளுக்குக் கொடுங்கள்.

"கண்ணை மட்டும் காட்டினா எப்படிம்மா? முழுப் படத்தையும் காட்டு" என்றார் அவர்.

காட்டினாள். மடியில் கிடந்த என் கையில் நரம்பு தெரிந்தது! புடவைக் கரையில் இழை தெரிந்தது! பின்சுவரில் ஆணியின் தலை பளிச்சென்று தெரிந்தது! முகம் மட்டும் மூட்டம்.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள் பேத்தி. "பாட்டி... ஷட்டர் மெதுவாத் திறந்து மூடறதுக்குள்ள தலையை ஆட்டியிருக்கே. தூங்கி விழுந்தியா?"

"அசையாம உக்காந்தா தூக்கம் வராதாடி?"

"கண்ணு திறந்துதானே இருக்கு!"

"திறந்துக்கிட்டே தூங்குவேன். உங்கம்மாவை வளர்த்தப்ப வந்த பழக்கம்."

கடைக்காரர் எழுந்துவிட்டார். "கேமராவை மாத்தாதேம்மா, பாட்டியை மாத்து" என்று வெறுங்கையோடு போனார்.

மாற்றினாளா? இல்லை. போர்த்திப் படுக்க வைத்தாள். எழுந்ததும் அதே கேமராவில் எடுத்தாள். அந்தப் படத்துக்குத்தான் இந்தப் பரிசு!

கண்மணிகளே! கேமராவை மாற்றுங்கள், லென்ஸை மாற்றுங்கள், யார் வேண்டாமென்றது? அதற்கு முன் முழுப் படத்தையும் பாருங்கள். எதிரே உட்கார்ந்திருப்பவள் தூங்கினாளா என்று பாருங்கள். சாப்பிட்டாளா என்று பாருங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கொட்டாவியை அடக்கிய குழந்தைகளுக்கும் நன்றி. அதோ, பேத்தி கேமராவைத் தூக்குகிறாள். சீக்கிரம் எடு கண்ணு, எனக்குக் கண் சொக்குகிறது. வணக்கம்.