ஞானாதிக்கச் சாமியார் முழுங்கின நன்மை

அப்போ நம்ம சிப்பிக்கரைக்கு ரோடும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது. மாதா கோயில்கூட ஓலைக்கூரைதான். அந்தக் காலத்துல ஞானாதிக்கச் சாமியார்னு ஒருத்தர் இங்க பூசை வச்சாராம். அவருக்குத் தொண்டையில புத்து வந்துச்சாம். மொதல்ல சோறு இறங்கலையாம். அப்புறம் கஞ்சி இறங்கலையாம். அப்புறம் தண்ணியும் சொட்டுச் சொட்டாத்தான் இறங்கிச்சாம்.

கூடவே கிடந்து பாத்தது சந்தியாகு உபதேசியார். ஊருக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிற ஆளு, பூசைக்கும் அவர்தான் உதவி. நாட்டு மருந்து, மந்திரிச்ச எண்ணெய், எல்லாம் கொடுத்துப் பாத்தாராம். ஒண்ணும் கேக்கலை. சாமியார் துப்புறதைத் துடைக்கத்தான் பாவம் அவரால முடிஞ்சுச்சு.

சாமியாருக்கு ஒரே கவலைதான். பூசை வைக்கிறவர் ஆண்டவரோட உடம்பா மாறின அப்பத்தை, அதான் நன்மையை, முழுங்கியாகணும். முழுங்கலைன்னா பூசை முடியாது. பூசை வைக்க முடியாதவர் அப்புறம் என்ன சாமியார்?

மாதா திருநாளும் வந்துச்சு. தண்ணி இறங்கியே ரெண்டு நாளாச்சு, இன்னைக்குப் பூசை வேண்டாம் சாமின்னு உபதேசியார் சாமியாரோட காலைப் புடிச்சுக்கிட்டாராம். சாமியாருக்குக் குரல் ஏது, காத்துதான் வருது.

"முழுங்க முடியலைன்னா வாயிலயாவது இருக்கட்டும், சந்தியாகு. அவரு இறங்குறப்ப இறங்கட்டும்."

பூசை நடந்துச்சு. சாமியார் அப்பத்தை வாயில வச்சார். அப்பல்லாம் சனத்துக்கு முதுகைக் காட்டித்தானே நிப்பாங்க. முதுகு குலுங்குது. இறங்கலை. பீடத்தை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டார். இறங்கலை. உபதேசியார் தண்ணிக்குப்பியை நீட்டுதாரு, சாமியார் வேண்டாம்னு தலையை ஆட்டுதாரு. இறங்கலை.

யாரு போயி என்ன செய்ய? அவருக்காக இன்னொருத்தர் முழுங்க முடியுமா? ஊரே முழங்கால்ல நிக்குது. வீட்டுல திருநாள் சோறு கருகுற வாடை கோயிலுக்குள்ள வருது, ஒருத்தரும் எந்திரிக்கலை. புள்ளைக்கு ஊட்டுறப்ப தாய் தானும் வாயைத் திறப்பாளே, அது மாதிரி உபதேசியார் வெறும் எச்சிலை முழுங்கி முழுங்கிப் பாக்குதாராம். கண்ணுல தண்ணி வடியுதாம்.

உச்சி வெயிலுக்குத்தான் சாமியாரோட தோள் தாழ்ந்துச்சு. இறங்கிருச்சு. அவ்வளவு பேருக்கும் நன்மை கொடுத்துத்தான் பூசையை முடிச்சாராம்.

அதுக்கப்புறம் அந்தத் தொண்டையில எதுவுமே இறங்கலை. ஒம்பதாம் நாள் செத்துப்போனார். நம்ம சாமியார் பசியோட செத்தாரேன்னு உபதேசியார் தான் சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதாராம்.

அதனாலதான் இன்னைக்கும் நம்ம கோயில்ல சாமியார் நன்மை எடுக்குறப்ப பாட்டு கிடையாது, மணி கிடையாது. புதுசா வர்ற சாமியார்மாருக்கு ஒண்ணும் புரியாது. நன்மை வாங்க வாங்கன்னு மைக்குல கூப்புடுவாங்க. நாம அவங்க தொண்டையையே பாத்துக்கிட்டு முழங்கால்ல நிப்போம். இறங்கிருச்சுன்னு தெரிஞ்சாத்தான் எந்திரிப்போம்.