நுரைக்கிற ஊசி

மயிலாப்பூர் குளத்தருகே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பால் செம்புகளோடு இரண்டு பால்காரர்கள்.

"மாட்டுக்குப் போயி எவனாச்சும் சோப்பை ஊசில ஏத்துவானா?" என்றார் பெரியவர்.

"சோப்பு இல்ல நைனா. பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கிற ஒரு மரப்பட்டையோட சத்து. கோமாரி ஊசில கலக்குறாங்கன்னு கம்பவுண்டர் சொன்னாரு," என்றார் இளையவர்.

"இன்னாத்துக்கு?"

"வெறும் மருந்த மட்டும் போட்டா மாட்டு ஒடம்பு கண்டுக்காதாம். இது போயி உசுப்பி வுட்டாதான் நோயோட சண்டைக்கு நிக்குமாம்."

"சண்டை எனக்குல்ல வரும்! ஆழாக்குல பாதி நுரைன்னு வடக்கு மாட வீதி மாமி டெய்லி கத்துது. இந்த சேதி தெரிஞ்சா பாலே வாணாம்னுடும்."

அந்தச் சத்து பாலை நுரைக்க வைக்காது. தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் அதை எடை போட்டுக் கலப்பவளே நான்தான். நான் சொல்வதற்குள் இளையவர் முந்திக்கொண்டார்.

"போடலேன்னா வாயில புண்ணு, கால்ல புண்ணு, பால் நின்னுபூடும். போன தபா என் மாடு ரெண்டு பூட்ச்சே, மறந்துட்டியா?"

பெரியவர் பஸ் வரும் திசையை எட்டிப் பார்த்தார்.

"சரி, நாளைக்கே மாட்டை ஊசிக்கு ஓட்டியாறேன். மாமிகிட்ட நானே சொல்லிடறேன்."

"இன்னான்னு?"

"இனிமே நுரைக்கு நான் பொறுப்பில்ல, டாக்டரைக் கேட்டுக்கோன்னு."