மூணாவது குரல்

ராத்திரி எட்டு மணி இருக்கும். ரோடு... ரோடு என்று ஒன்று கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்குப் போகிற வெறும் மணல். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கமும் கடல். நடுவில் ஒரு ஜீப். அதற்கும் ஒற்றை லைட்தான் எரியும்.

திரியைக் கொஞ்சம் தூண்டிவிடு, குத்தாலிங்கம். குற்றாலத்தில் சாரல் வலுத்தால் முதலில் போவது கரண்ட்தானே, இனி விடிந்தால்தான் வரும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். இது யாருக்கோ எங்கேயோ நடந்ததில்லை. என் தங்கை மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன், தென்காசி செல்லப்பா. அவர் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

அவருடைய தம்பி அய்யாக்குட்டி, தனுஷ்கோடி ஸ்டேஷன் பக்கம் ஒரு பலகாரக் கடையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தான். அறுபத்து நாலாம் வருஷத்து மார்கழிப் புயலைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டாம். ரயிலையே கடல் தின்றுவிட்டது. தம்பியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவன் பெண்டாட்டி செண்பகவல்லி, கைக்குழந்தையோடு வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா வடிவம்மாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏலே செல்லப்பா, உசிரோடயோ இல்லாமலோ எம்புள்ளையக் கூட்டிக்கிட்டு வா. அவன் இல்லாம இந்த வாசல்ல நீ வந்து நிக்கப்பிடாது," என்றாள்.

பாம்பன் பாலமும் போய்விட்டதால் செல்லப்பா படகேறி ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரி, சத்திரம், முகாம்... துணியை விலக்கி விலக்கி முகம் பார்த்தார். எதுவும் தம்பி இல்லை. மிச்சம் இருந்தது அந்த மணல்தான். நல்லவேளையாக நம் அச்சன்புதூர்ப் பிச்சையா அங்கே ஒரு மீன் வியாபாரியிடம் பழைய மிலிட்டரி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். பகலெல்லாம் அது நிவாரண அரிசி ஏற்றும். ராத்திரிதான் கிடைக்கும்.

பிச்சையா டயர்களில் பாதிக் காற்றை இறக்கினான். உஸ்ஸ்... "மணல்ல இப்படித்தான் ஓட்டணும் அண்ணாச்சி. ஆனா எங்கனயும் ரொம்ப நேரம் நிறுத்தச் சொல்லாதீங்க. நின்னா டயர் புதைஞ்சிரும். புதைஞ்சா நாமளும் இங்கனதான்."

கொஞ்ச தூரம் போவார்கள். நிற்பார்கள். செல்லப்பா எழுந்து நின்று கத்துவார்.

"அய்யாக்குட்டீ...! அய்யாக்குட்டீ...!"

மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்குள் பிச்சையா வண்டியை நகர்த்திவிடுவான். சாய்ந்த சுவர், முறுக்கிக்கொண்ட தண்டவாளம், சேலை மாட்டித் தொங்கிய உடைமுள் புதர்... எல்லா இடத்திலும் இரண்டு கூப்பாடு. அழுகின மீன் வாடை. செல்லப்பாவுக்குத் தொண்டையில் ரத்தம் கசிந்தது. குழல்வாய்மொழி அம்மனைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

மண் முடிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அப்போதுதான்...

"அண்ணே..."

பிச்சையா பிரேக்கை மிதித்தான். இன்ஜின் மட்டும் புர்... புர்... செல்லப்பா வாயெடுப்பதற்குள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"பதில் சொல்லிராதீங்க. மூணாவது குரல் வரட்டும். அதுகளுக்கு ரெண்டுக்கு மேல கூப்பிட வராது."

நம் பக்கம் எல்லா வீட்டிலும் சொல்வதுதானே. ராத்திரியில் யார் கூப்பிட்டாலும் மூன்றாவதுக்குத்தான் பதில். வடிவம்மாள் இரண்டு பிள்ளைகளுக்கும் சோற்றோடு ஊட்டின பாடம் அது.

"அண்ணே..."

இரண்டாவது. ஜீப்புக்கு நேர் பின்னால். தொண்டை கட்டின குரல்.

செல்லப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஒரு தடவை... இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடுலே... வண்டி மெல்ல மெல்ல மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரவில்லை.

பிச்சையா நாலு சக்கரத்துக்கும் கியரைப் போட்டு வண்டியை வெளியே இழுத்தான். வண்டி முனகியது. "என்ன இது... இப்படிக் கனக்குது," என்றான்.

விடிந்ததும் அதே தடத்தில் போய்ப் பார்த்தார்கள். அந்த உடைமுள் புதருக்குப் பின்னாலிருந்து ஒரு காலடி கிளம்பியிருந்தது. வெறுங்கால். டயர் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடி ஓடி வந்து, ஜீப் புதைந்த பள்ளத்துக்குப் பின்னால் இரண்டு பாதமும் சேர்ந்து நின்றிருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

அப்போதுதான் செல்லப்பாவுக்கு உறைத்தது. புதருக்குப் பின்னால் இருந்தவனும் வடிவம்மாள் பெற்ற பிள்ளை. அவனும் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தானே காத்திருந்திருப்பான்... மணலில் விழுந்து புரண்டார். மூன்றாவது, நாலாவது, நூறாவது என்று கத்தினார். கடல் இரைச்சல்தான் கேட்டது.

வெறுங்கையோடு ஊருக்கு பஸ் ஏறினார். ஆலங்குளம் தாண்டியும் கூடவே ஒரு நனைந்த சாக்கு வாடை வந்துகொண்டிருந்தது. அதற்குள்ளே லேசாக முறுக்கு எண்ணெய் வாடை. தன் வேட்டிதான் நாறுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. படியேறத் துணியாமல் தெருவிலேயே நின்றார். எல்லாவற்றையும் சொன்னார். வடிவம்மாள் வாசலில் நின்று கேட்டாள்.

"எத்தனை தரம்லே கூப்பிட்ட?"

"ரெண்டும்மா."

அவள் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. "மூணு தரம் கூப்பிடாம அவன் எப்படிலே வருவான்?" என்றாள். பிறகு தெருவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அய்யாக்குட்டீ..."

தெருநாய் ஒன்று ஊளையிட்டது.

"அய்யாக்குட்டீ..."

நாய் சட்டென்று அடங்கிவிட்டது.

"அய்யாக்குட்டீ..."

செல்லப்பாவின் பிடரியில் ஈரமாக மூச்சு பட்டது.

"வந்துட்டேம்மா... அண்ணன்கூடத்தான் வந்தேன்."

செல்லப்பா அசையவில்லை. வடிவம்மாள் ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள வாலே," என்றாள். செல்லப்பாவின் தோளை உரசிக்கொண்டு, சில்லென்று ஏதோ ஒன்று படியேறிப் போனது.

செண்பகவல்லி இன்றைக்கும் பூவும் பொட்டுமாகத்தான் இருக்கிறாள். அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அவள் எத்தனை தடவை பெருக்கினாலும்... அடுப்படியில் கால் வைத்தால் மணல் நறநறக்கிறது.