கீதா வந்த வருசம்

சேந்து வந்ததெல்லாம் காரணமாயிராதுன்னு எனக்கு மொதல்ல சொன்னதே அந்தக் கீதா புள்ளதானுங்க, தொண்ணூத்தி நாலு சித்திரையில. ஆமாங்க, நீங்க விசாரிக்க வந்திருக்கற அதே பொண்ணுதான். உக்காருங்கம்மா, கோயில் நடை தொறக்க இன்னும் நேரமிருக்குது. வெள்ளகோயில்ல இருந்து இந்த வெயில்ல அன்னூர் வரைக்கும் பஸ்ஸுல வந்திருக்கறீங்க. பையனுக்குப் பொண்ணெடுக்கறவங்க நாலு பேருத்தைக் கேக்கத்தான வேணும்.

பூக்கடையில என்னங்க சொன்னாங்க? அவ கால் வெச்ச வருசமே தோட்டத்துப் போர்க்கெணத்துல தண்ணி போச்சு, கட்டுன கதிர்வேலும் போயிட்டான்னுங்களா? ரெண்டும் நடந்ததுதானுங்க. நான் இல்லீன்னு சொல்லுல.

அந்தப் புள்ள தபால்ல சைக்காலஜி படிச்சுதுங்க, மனசைப் பத்துன படிப்பு. ஒரு நா இதே மண்டபத்துல எம்பக்கத்துல உக்காந்து வெளக்குச்சு. கோரிலேஷன்னு பேருங்களாமா. ரெண்டு சங்கதி சேந்து சேந்து வந்தா, சேந்து வருதுன்னு மட்டுந்தான் சொல்லோணும். இதுனாலதான் அதுன்னு சொல்லப்படாதாமா. எனக்கு ஏறுலீங்க, நான் அஞ்சாவதுதான். அப்பறம் கேட்டுச்சு, வெயில் காலத்துல எளநீ நெறைய விக்குது, அப்பத்தான் ஊருக்குள்ள அம்மையும் போடுது, எளநீ குடிச்சா அம்மை வருமான்னு. அதெப்பிடி, வெயிலுதான ரெண்டையும் கூட்டியாருதுன்னேன். அதேதானுன்னு சிரிச்சுது.

இன்னொண்ணும் கேட்டுச்சுங்க. கோயிலுக்கு அடிக்கடி வார பொம்பளைங்க மொகத்துல எல்லாம் கவலை இருக்குதே, கோயில்தான் கவலை குடுக்குதான்னு. எனக்குக் கோவமே வந்துபோச்சு. கவலை இருக்கறதுனாலதான கண்ணு அவ கோயிலுக்கே வாரான்னேன். அப்பிடி எது முன்னால, எது பின்னாலன்னும் பாக்கோணுமாமா. ஒரே ஊட்டைப் பாத்துச் சொல்லீரக்கூடாது, நூறு ஊட்டைக் கேக்கோணுமாமா.

போர் சங்கதிக்கு வாரேனுங்க. அந்தப் புள்ள கல்யாணமாகி வந்தது தை மாசம். மழை பொய்ச்சது அதுக்கு முந்தின ஐப்பசியில. அந்த வருசம் எங்க பக்கம் எந்தத் தோட்டத்துல தண்ணி இருந்துச்சு? புது மருமவளே வராத ஊட்டுலயும் போர் போட்டா வெறும் புழுதிதான் வந்துச்சு. தோட்டம் காஞ்சதும் பையன் மில்லுக்கு சிப்ட்டுக்குப் போனான். வேலை முடிஞ்சு மொபெட்ல வாரப்ப லாரிக்காரன் அடிச்சுப்போட்டான். மழை பொய்ச்சதுதான் காரணமுன்னும் நான் அடிச்சுச் சொல்ல மாட்டேனுங்க, இதும் ஒரே ஊடுதான. ஆனா அந்தப் புள்ள கால் வெச்சதுனாலன்னு எப்பிடீங்க சொல்றது?

கேக்கறனேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க பையனுக்கும் மொதல்ல கட்டுனவ காய்ச்சல்ல போயிருச்சுன்னீங்க. அவரு ராசின்னு யாராச்சும் சொன்னாங்களா? ஐயோ, கண்ணைத் தொடச்சுக்கோங்க அம்மணி. புண்படுத்தோணும்னு கேக்குலீங்க.

கீதாவா? படிச்சவதான், தெகிரியமானவதான். ஆனா ஊரே சொன்னா என்ன பண்ணும். போன மார்கழியில இந்தச் சன்னதியில நின்னு, என்ற காலுதானுங்களோன்னு என்னையவே கேட்டுச்சு. அது படிச்சதை நானே அதுக்கு மறுக்காச் சொல்ல வேண்டியதாப்போச்சுங்க.

நான் யாருங்களா? கதிர்வேல் என்ற பையனுங்க. ஆமா, பெத்தவ. நீங்க பூக்கடையில கேட்டுட்டு நின்னது காதுல உழுந்துச்சு, அதான் கூப்புட்டு உக்கார வெச்சேன்.

சம்மதமுன்னா கூட்டிட்டுப் போங்க. மனசு நெறஞ்சுதான் சொல்றேன். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறது. ஆடி நோம்பிக்கு பொண்ணும் மாப்பளையும் கீதாவோட அப்பன் ஊட்டுக்கு வாரப்ப, ஒரு நேரம் சோத்துக்கு எங்கூட்டுக்கும் அனுப்பிப்போடுங்க.