பிரேக் மிதிக்காத கால்

ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ்ஸில், பக்கத்து வரிசையில் ஓர் அண்ணனும் தங்கையும் அத்தனை சத்தமாகப் பேசினார்கள்.

"ஆறு வருஷத்துல ஒரு தடவகூட நீ பிரேக் மிதிச்சதில்ல. ஞாயித்துக்கிழம மண்ணுல ஓட்டுற பக்கி கார் ரேஸுக்கு செலக்‌ஷனாம்!"

"நாம ஓட்டுற ரேஸ் படகுல ஏதுண்ணே பிரேக்கு?"

"அதத்தான் சொல்றேன். கடல்ல ஜெயிச்சுட்டு, மேடு பள்ளத்துல போய்க் கவுந்தா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். படகுல ஸ்டியரிங் மட்டுந்தான் எங்கிட்ட. வேகம் உங்க கையில. கார்ல ரெண்டும் எங்கிட்ட இருக்கும்."

பஸ் காவேரிப் பாலத்தைத் தாண்டியதும் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"அப்ப நான்?"

"பக்கத்து சீட்டுல உக்காந்து வழி சொல்லுங்க. இஷ்டமில்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்."

அம்மா மண்டபம் நிறுத்தத்தில் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டார். அவள் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தாள். சத்திரத்திலிருந்தே எல்லா நிறுத்தத்திலும் அப்படித்தான் மிதித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் இப்போதுதான் பார்த்தான்.

"லேட்டா மிதிக்கிற," என்றான்.

பிறகு ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து, முன்னால் பாதையைப் பார்த்தான்.

"அடுத்த ஸ்டாப்பு வருது. நான் சொன்னதும் மிதி."