மூணு செத்த மெஷின்

—பையைக் கீழே வை. அக்கா பேசிட்டிருக்கேன், நீ பஸ் வர்ற பக்கமே பார்த்துட்டிருக்கே.

—இன்னும் என்னக்கா பேசணும்? ஆஸ்பத்திரிக்குப் போய் வாயாடியைப் பார்க்கச் சொல்றே. பார்த்தா விரல் முளைச்சுடுமா?

—முளைக்காது. உருளையில சிக்கி நாலும் போச்சு. சலவைக்கூடத்துல அவ வாய் மூடி நான் பார்த்ததில்லை. நேத்து போர்வைக்குள்ள கையை ஒளிச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை பேசலை.

—நான் கட்டின தேய்ப்பு மெஷின்ல தடுப்புக் கம்பியை இறுக்கிக் கட்டச் சொன்னது முதலாளி. ஈர விரிப்பு பட்டாலே உருளை நின்னுடுது, வேலை கெடுதுன்னாரு. கட்டினேன்.

—கை பட்டா நிக்கணும்னுதானே அந்தக் கம்பியை வெச்சே? நிக்கிற மெஷினை நிக்காம ஆக்கினது உன் கைதானே, ராசா.

—பஸ் வர்ற நேரமாச்சுக்கா.

—ராத்திரிப் பள்ளியில ஒரு கதை குடுத்தாங்க. எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன். ஒருத்தன் செத்தவங்க உடம்புல அங்கங்கே வெட்டி எடுத்து, ஒட்டுப் போட்டு, ஒரு உருவத்துக்கு உசுரே குடுத்துடறான்.

—பேய்க்கதை.

—நானும் அப்படித்தான் நினைச்சேன். அது கண்ணைத் திறந்ததும் பயந்து ஓடறான் பாரு, அங்கே அன்னிக்கு மேல படிக்க முடியலை, மறுநாள்தான் முடிச்சேன். நீ மூணு செத்த மெஷினைப் பிரிச்சு ஒண்ணாக் கட்டின அன்னிக்கு, கூடத்துல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தவ நான்.

—எந்தக் காலத்துக் கதை அது?

—இருநூறு வருஷமாச்சாம். எழுதினவ உன்னைவிடச் சின்னப் பொண்ணு. உன்னைப் பார்க்காமலே உன்னை எழுதியிருக்கா. செஞ்சவன் திரும்பிப் பார்க்கலைன்னுதான் அது அலையுது, கொல்லுது. ஊரு அதைத்தான் பிசாசுங்குது.

—என்னைப் பிசாசுங்கிறியா?

—ஓடாதேங்கிறேன். வேற மெக்கானிக் ஒருத்தன் வந்தான். கம்பியை அவிழ்த்தா மெஷினே ஓடலை. வயித்துக்குள்ள எது எங்கே இருக்குன்னு புரியலைன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டான். உனக்கு மட்டுந்தான் தெரியும். வந்து சரி பண்ணிட்டுப் போ.

—வந்தா எல்லாத்தையும் என் தலையில கட்டிடுவாங்க. தூக்கமே இல்லைக்கா. கண்ணை மூடினா அவ கத்துறது கேக்குது.

—தெரியும். சுவருக்கு இந்தப் பக்கந்தானே படுக்கிறேன்.

—அப்போ முதலாளி மெஷினை நிறுத்தட்டும்.

—நிறுத்துற ஆளா அவரு? கம்பியை மறுபடி இறுக்கியாச்சு. நாளைக் காலையில ஓட்டணுமாம். பக்கத்துல போக மாட்டோம்னு எல்லாரும் ஒதுங்கிட்டாங்க. என் தம்பி செஞ்சது, நானே நிக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

—பஸ் வந்துருச்சுக்கா. அந்தப் பையை இப்படிக் குடு.