தாயும் கன்றும் குழியில் விழுந்தால்

ஓடுகிறேன். முன்னால் மாட்டுக்கொட்டில். மேற்கே ஆமி ஷெல் குத்துகிற சத்தம். டும். டும். டும். எண்ணத் தொடங்குகிறேன். பெரும்பாலும் பதினொன்று வரை எண்ணலாம். பிறகு கூவும். பிறகு விழும்.

"மாடு கிடக்கட்டுமடி! பங்கருக்குள்ள இறங்கு!"

அக்கா கத்துகிறாள்.

இரண்டாயிரமாம் ஆண்டு, மே மாதம். யாழ்ப்பாணத்துத் தென்மராட்சி. காலை பத்து மணி இருக்கும். அக்கா தேவமலர், மகள் கயலை மடியில் வைத்துக்கொண்டு பங்கருக்குள் இருந்தாள். கயலுக்கு ஆறு வயது. அந்தக் குழியை நானும் அக்காவும்தான் வெட்டினோம். மேலே தென்னங்குற்றி. அதன் மேல் மண்மூட்டை. பசு கட்டையில் நின்று கதறியது. பொறுக்க முடியாமல் நான் வெளியே வந்தேன். பசுவை அவிழ்த்தேன். கன்றையும் அவிழ்த்தேன். இரண்டும் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடின. ஏழு எண்ணியிருந்தேன்.

எட்டு எண்ணவில்லை.

எழும்புகிறேன். காது கேட்கவில்லை. புகை. பங்கர் இருந்த இடத்தில் மண் குவியல். கையால் கிளறுகிறேன். குற்றிகள் குறுக்கே விழுந்து கிடக்கின்றன. அக்காவின் கை முழங்கை வரை வெளியே தெரிந்தது. பிடித்தேன். அது என்னைத் திருப்பிப் பிடிக்கவில்லை. காது மெல்லத் திறந்தது. அப்போது கேட்டது. அடியிலிருந்து.

"சின்னம்மா."

இன்னும் கிளறினேன். நகம் பிய்ந்தது. மேற்கே வேறு சத்தம் எழுந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக, இடைவெளி இல்லாமல். பக்கத்து வீட்டுச் சின்னராசா அண்ணை வேலிக்கு மேலால் பாய்ந்து வந்தார்.

"பல்குழல் ஷெல்! ஓடு பிள்ளை! ஏலாது, விடு!"

கையைப் பிடித்து இழுத்தார். உதறினேன். மறுபடி இழுத்தார். இரண்டாம் முறை நான் உதறவில்லை. இதைத்தான் எழுத வேண்டும். நான் உதறவில்லை. வடமராட்சிப் பக்கம் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, லண்டன், குரோய்டன். அகதி விசாரணை. அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"உடல்களைக் கண்டனீங்களோ?"

"ஓம், கண்டனான். ரெண்டு பேரும் உடனை முடிஞ்சிட்டினம்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பொய். அந்தப் பொய்யோடுதான் எனக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி கிடைத்தது.

இரண்டாயிரத்து ஐந்து, ஹெண்டன். யூத முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறை. காய் வெட்டுவது, பானை கழுவுவது என் வேலை. யூதர் அல்லாதவள் அடுப்பைத் தொடக்கூடாது. எல்லாம் அவர்கள் வேதத்தின் விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர் டானியல். என் வயதுக்காரர். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர்.

பாஸ்காப் பண்டிகையின் முதல் நாள், காலை. அடுப்பு முந்திய நாளிலிருந்து எரிகிறது. பண்டிகை நாளில் புதிதாகத் தீ மூட்டக்கூடாது. அணைக்கவும் கூடாது. எரிகிற தீயில் அன்றைய சாப்பாட்டைச் சமைக்கலாம். ஏன் என்று கேட்டேன். கேட்டது அவருக்குச் சந்தோஷம். அன்றைக்குச் சாப்பிடுவதற்கென்றால் கோழி அறுக்கவும் விதி இடம் தருகிறதாம். ஆனால் அதன் இரத்தத்தை மூடும் மண்ணை முந்திய நாளே தோண்டி வைத்திருக்க வேண்டுமாம்.

"மண் தோண்டுவதற்கும் சட்டமா?" என்று சிரித்தேன்.

"இதைக் கேளுங்கள்" என்றார். "பண்டிகை நாளில் பசுவும் கன்றும் குழிக்குள் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?"

என் கையில் கத்தி. பாதி வெட்டிய கரட்.

அவருக்கு எதுவும் தெரியாது. உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். தாயையும் குட்டியையும் ஒரே நாளில் அறுக்கக்கூடாது. பண்டிகையன்று உணவுக்காக மட்டுமே விலங்கை மேலே தூக்கலாம். அதனால் ஒரு குரு சொன்னார்: ஒன்றைத் தூக்கி அறு. மற்றதற்குச் சாகாமலிருக்கக் குழிக்குள்ளேயே தீனி போடு. இன்னொரு குரு மறுத்தார்: அறுப்பதற்கென்று முதலாவதைத் தூக்கு, அறுக்காதே. மற்றதை அறுக்கலாம் என்று சொல்லி அதையும் தூக்கு.

"தந்திரம்தான்" என்று டானியல் சிரித்தார். "இரண்டையும் மேலே எடுப்பதற்கு."

"மனிதர் விழுந்தால்?"

"மனிதர் என்றால் யோசிக்கவே கூடாது. பண்டிகை, ஓய்வுநாள் எல்லாவற்றையும் மீறித் தோண்ட வேண்டும். உயிர் இருக்குமோ என்ற சந்தேகமே போதும்."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. கயல் என்னைக் கூப்பிட்டாள்.

சொன்னேன். எனக்குத் தெரிந்த உடைந்த ஆங்கிலத்தில். முதல் முறையாக. கை, குரல், இரண்டாம் இழுப்பு. டானியல் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தோண்டியிருந்தால் நீங்களும் செத்திருப்பீர்கள்" என்றார்.

கோபம் வந்தது. "அதற்கும் உங்கள் புத்தகத்தில் விதி இருக்கிறதா?"

"இருக்கிறது" என்றார் மெல்ல. "உன் உயிர் முதலில். அப்படித்தான் எழுதியிருக்கிறது."

எனக்கு அந்த விதி வேண்டாம். கயலிடம் அதைச் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. மிச்சக் கரட்டையும் வெட்டினேன். பன்னிரண்டரைக்குக் கிழவர்களுக்குச் சூப் போனது.

குரோய்டனில் கொடுத்த கணக்கு பிழை. சரியானது இது.

தேவமலர், வயது முப்பத்திரண்டு. கயல், வயது ஆறு. வீடு ஒன்று. கிணறு ஒன்று. என்னோடு ஓடுகையில் போன சின்னராசா அண்ணையின் இடது கண். எடுக்கப்பட்ட உடல்கள், இல்லை. உடனே இறந்தவர், ஒருவர். மற்றவள் எப்போது இறந்தாள் என்று எனக்குத் தெரியாது.